ஆள் சாப்பாட்டுச் செலவு: எது தொழில் கணக்கில் சேரும், எது சேராது?

நிலத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினமாகிவிட்டதால், சிறு விவசாயிகள் பலர் பக்கத் தொழில் ஒன்றையும் நடத்தி வருகின்றனர். சிலர் கறவை மாடுகள் வைத்துப் பால் ஊற்றுகின்றனர். சிலர் கோழிப் பண்ணை வைத்துள்ளனர். இன்னும் சிலர் டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகின்றனர். செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கின்றனர். இந்தத் தொழில்களில் தீவனம், டீசல், கூலி ஆகியவற்றைப் பலரும் எழுதி வைக்கின்றனர். ஆனால் வேலையாட்களுக்குப் போடும் சாப்பாடு, டீ, பலகாரம் இவற்றை யாரும் எழுதுவதில்லை. அல்லது வீட்டு மளிகைச் செலவு முழுவதையும் தொழில் கணக்கில் ஏற்றிவிடுகின்றனர். இரண்டுமே தவறு. முதலாவதால் தொழிலின் உண்மையான லாபம் தெரியாமல் போகும். இரண்டாவதால் வருமான வரிக் கணக்கில் சிக்கல் வரும்.

விவசாயக் கணக்கு வேறு, தொழில் கணக்கு வேறு

நிலத்தில் பயிர் செய்து கிடைக்கும் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. நெல்லைக் கதிர் அடித்து, காயவைத்து, மூட்டை பிடித்து விற்பது வரை விவசாய வருமானமே. நாற்றங்காலில் வளர்த்த நாற்று, கன்று இவற்றை விற்று வரும் வருமானமும் அவ்வாறே. ஆனால் பால், கோழி, முட்டை விற்பனை, டிராக்டர் வாடகை ஆகியவை விவசாய வருமானம் ஆகா. அவை தொழில் வருமானம், வரிக்கு உட்பட்டவை.

ஆகவே, சொந்த வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த ஆட்களுக்குப் போட்ட சாப்பாடு விவசாயச் செலவு. அதைப் பால் வியாபாரத்தின் லாபத்திலிருந்து கழிக்க முடியாது. வரி இல்லாத வருமானத்துக்காகச் செய்த செலவை, வரி உள்ள வருமானத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்காக அந்தச் செலவை எழுதாமல் விடவும் கூடாது. நிகர விவசாய வருமானம் ஆண்டுக்கு ரூ.5,000-க்கு மேல் இருந்து, மற்ற வருமானமும் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்காக விவசாய வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும். அப்போது வயல் செலவுக்கான குறிப்பு உதவும்.

உரிமையாளரின் சொந்தச் சாப்பாடு

தொழிலுக்காக மட்டுமே முழுமையாகச் செய்யப்பட்ட செலவைத்தான் லாபத்திலிருந்து கழிக்கலாம். சொந்தச் செலவையும் மூலதனச் செலவையும் கழிக்கக் கூடாது என்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் கண்ட விதி. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் வகையில் 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறின. இந்த அடிப்படை மாறவில்லை.

இதன்படி, தொழில் நடத்துபவர் தினமும் சாப்பிடும் சாப்பாடும், டீக்கடையில் குடிக்கும் டீயும் சொந்தச் செலவே. தொழில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதன் சாப்பிட்டே ஆக வேண்டும். இங்கிலாந்தில் 1975-இல் இத்தகைய வழக்கு ஒன்று வந்தது. சொந்தமாகத் தொழில் செய்த தச்சர் ஒருவர், வீட்டில் சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு 10 பென்ஸ் ஆகிறது, வேலைக்குச் சென்ற இடத்தில் 40 பென்ஸ் ஆகிறது, ஆகவே கூடுதலான 30 பென்ஸைக் கழிக்க வேண்டும் என்று கேட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. உணவு உயிர் வாழ்வதற்கானது, வேலைக்காக மட்டுமே உண்ணப்படுவதன்று என்பதே தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனினும் சொந்தச் செலவு கழியாது என்ற கொள்கை இங்கும் அதுவே.

மாடு வாங்க வெளியூர்ச் சந்தைக்குச் சென்று வந்தால் பஸ் கட்டணம், மாட்டை ஏற்றி வந்த வண்டி வாடகை இவை தொழிலைச் சேர்ந்தவை. மாட்டின் விலையோடு சேர்த்து எழுத வேண்டியவற்றை அவ்வாறே எழுத வேண்டும். தொழில் காரியமாக வெளியூரில் இரவு தங்க நேர்ந்தால் தங்கும் அறை வாடகையும், அளவான சாப்பாட்டுச் செலவும் பயணச் செலவாக எழுதப்படுவது வழக்கம். எந்த ஊர், எந்தத் தேதி, என்ன காரியம் என்ற விவரமும் ரசீதும் இருந்தால்தான் அது நிற்கும்.

எந்தச் செலவு கழியும்?

தொழிலில் வேலை செய்யும் ஆட்களுக்காகச் செய்யும் உணவுச் செலவு தொழில் செலவே ஆகும். அவற்றுள் முக்கியமானவை:

1. மாட்டுத் தொழுவத்திலும் கோழிப் பண்ணையிலும் வேலை செய்யும் ஆட்களுக்குப் போடும் சாப்பாடு, டீ, வடை.

2. வாடகை டிராக்டர் ஓட்டுநருக்குக் கொடுக்கும் பேட்டா.

3. தீபாவளி, பொங்கலுக்கு வேலையாட்களுக்குக் கொடுக்கும் இனிப்பு.

4. எண்ணெய் வாங்க வரும் வாடிக்கையாளருக்கு அளவோடு வாங்கிக் கொடுக்கும் டீ, காபி.

கோயில் திருவிழாவில் ஊருக்குப் போடும் விருந்து, வீட்டு விசேஷச் சாப்பாடு, உறவினர் உபசரிப்பு இவை சேரா. அந்த விருந்துக்குப் பால் வாங்கும் வியாபாரி வந்திருந்தாலும் அது குடும்பச் செலவுதான். சட்டம் தடை செய்த காரியத்துக்காகச் செய்த எந்தச் செலவும் கழியாது.

ஒரே உலையில் வெந்த சோறு

கிராமத்தில் வேலையாளுக்குத் தனியாகச் சமைப்பது அரிது. வீட்டுக்கும் ஆட்களுக்கும் ஒரே உலையில்தான் சோறு வேகும். அப்படியானால் எப்படிப் பிரிப்பது? சாப்பாட்டு எண்ணிக்கையைக் கொண்டு பிரிக்கலாம்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். குடும்பத்தில் 5 பேர். நாளைக்கு மூன்று வேளை. மாதம் 30 நாளுக்கு 450 சாப்பாடு. தொழுவத்தில் வேலை செய்வோர் 3 பேர். மதியம் ஒரு வேளை மட்டும். மாதம் 26 நாளுக்கு 78 சாப்பாடு. ஆக மொத்தம் 528. அந்த மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, விறகு அல்லது கேஸ் எல்லாம் சேர்த்து ரூ.15,840 செலவானது என்று வைத்துக்கொண்டால், ஒரு சாப்பாட்டின் அடக்கம் ரூ.30. தொழில் கணக்கில் சேர வேண்டியது 78 சாப்பாட்டுக்கான ரூ.2,340 மட்டுமே. ஆண்டுக்கு ரூ.28,080 ஆகிறது. இதை எழுதாமல் விட்டால் லாபம் அவ்வளவு கூடுதலாகத் தெரியும். சமையல் செலவு முழுவதையும் எழுதினால் ஆண்டுக்கு ரூ.1,90,080 ஏறிவிடும், அதில் பெரும்பகுதி வீட்டுச் செலவு.

வீட்டுப் பெண்கள் சமைக்கும் உழைப்புக்குப் பணம் கொடுக்காத நிலையில், அதற்கு ஒரு விலை போட்டுச் செலவாக எழுத முடியாது.

சீட்டு இல்லாத செலவு நிற்காது

கிராமத்து டீக்கடையில் பில் கிடைக்காது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தேதி, ஆட்களின் பெயர், என்ன வேலை, என்ன கொடுக்கப்பட்டது, எவ்வளவு தொகை என்பதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி, பெற்றவரின் கையெழுத்தோ ரேகையோ வாங்கி வைக்கலாம். சிறு தொகைகளுக்கு இத்தகைய கைச்சீட்டு உதவும். ஆண்டு முடிவில் ஒரே மையில் எழுதிய நோட்டு, பார்த்த மாத்திரத்திலேயே சந்தேகம் தரும்.

மளிகைக் கடையில் மொத்தமாக வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. வங்கி மூலமோ செல்போன் மூலமோ பணம் அனுப்ப வேண்டும். விளைவித்த விவசாயியிடமே நேரடியாக நெல், காய்கறி வாங்கியதற்கு ரொக்கம் கொடுத்தால் இந்தத் தடை பொருந்தாது.

கணக்கு எழுத இயலாதவர்களுக்கு

ஆண்டு மொத்த விற்பனை ரூ.2 கோடிக்குள் இருக்கும் சிறு தொழில்களுக்கு உத்தேச லாப முறை ஒன்று உண்டு. விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். வங்கி மூலம் வந்த தொகைக்கு 6 சதவீதம். உதாரணமாக, ஆண்டுக்கு ரூ.18 லட்சத்துக்குப் பால் விற்று, பணம் முழுவதும் வங்கிக்கு வந்திருந்தால் லாபம் ரூ.1,08,000 என்று கொள்ளப்படும். இந்த முறையில் எல்லாச் செலவும் அதற்குள் அடங்கிவிட்டதாகக் கருதப்படும். சாப்பாட்டுச் செலவைத் தனியே கழிக்க முடியாது. கமிஷன், தரகு வருமானத்துக்கு இந்த முறை கிடையாது. ஒருமுறை இதில் சேர்ந்து, ஐந்து ஆண்டுக்குள் விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது. ஆகவே யோசித்தே சேர வேண்டும்.

வரி வராதவருக்கும் ஏன் கணக்கு?

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் விலக்கு வரம்பு ரூ.4 லட்சம். மொத்த வருமானம் ரூ.12 லட்சத்துக்குள் இருப்பவருக்குத் தள்ளுபடியால் சாதாரணமாக வரி வராது. எனவே சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் வரி கட்ட வேண்டியிராது. ஆனாலும் தொழில் கடன் கேட்டுச் செல்லும்போது வங்கியார் பார்ப்பது வருமான வரிப் படிவத்தில் காட்டிய லாபத்தைத்தான். வீட்டுச் செலவை எல்லாம் தொழிலில் ஏற்றி லாபத்தைக் குறைத்துக் காட்டியவருக்கு அந்தக் குறைந்த லாபத்துக்கு ஏற்ற கடனே கிடைக்கும். ஆட்சோற்றை எழுதாமல் விட்டவரோ, ஒரு லிட்டர் பாலின் அடக்கவிலையைக் குறைத்து மதிப்பிட்டு, நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருப்பார்.

வரி கட்டும் நிலையில் உள்ளவர் பொய்ச் செலவு காட்டினால் விளைவு கடுமையானது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு, அதன் மீதான வரியில் 50 சதவீதம் அபராதம். பொய்யாக எழுதியோ, ஆதாரமில்லாத செலவைக் காட்டியோ குறைத்திருந்தால் 200 சதவீதம். இது கட்ட வேண்டிய வரிக்கும் மேற்பட்டது.

விவசாயிகள் கவனிக்க

வயலுக்கு ஒரு நோட்டு, தொழிலுக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு என்று மூன்று வைக்க வேண்டும். ஆட்சோற்றை எண்ணிக்கைப்படி பிரித்து எழுத வேண்டும். சொந்தச் சாப்பாட்டைத் தொழிலில் ஏற்றக் கூடாது. பெரிய தொகையை வங்கி மூலம் கொடுக்க வேண்டும். ஆண்டு முடிந்து படிவம் கொடுத்த பின்னரும் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விலக்கு வரம்பும் வரி விகிதமும் பட்ஜெட்டில் மாறக்கூடியவை. ஆகவே படிவம் கொடுக்கும் முன் அந்த ஆண்டுக்குரிய விவரத்தை ஆடிட்டரிடமோ வருமான வரி அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.