காரெல் என்னும் எந்திரன்

வேதியியல் பயிலும் மாணவன் நீல லிட்மஸ் தாள் சிவப்பாவதைச் சோதனைக்கூடத்தில் கண்ணாரக் காண்கிறான். கணிப்பொறியியல் பயிலத் தொடங்குபவனுக்கு அப்பேறு எளிதில் கிட்டுவதில்லை. அவன் எழுதும் ஆணைகள் பொறியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நிறைவேறுகின்றன. விடை தவறாக வந்தால், தவறு எவ்விடத்தில் நேர்ந்தது என்பது அவனுக்குப் புலப்படுவதில்லை.

இக்குறையைப் போக்க முற்பட்டவருள் ஒருவர் ரிச்சர்டு பேட்டிஸ். அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவராய் இருந்தபொழுது, புதிதாய்ப் பயில வருவோருக்கென அவர் ஒரு கற்பனை எந்திரனைப் படைத்தார். அதனை விளக்கும் அவரது நூல் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. எந்திரனின் பெயர் காரெல். 'ரோபோ' என்னும் சொல்லைத் தம் நாடகத்தின் வாயிலாக உலகுக்கு அறிமுகப்படுத்திய செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் நினைவாக இடப்பட்ட பெயர் அது.

காரெலின் உலகம் சிறியது. குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள், இடையிடையே சுவர்கள், ஆங்காங்கே 'பீப்பர்' எனப்படும் ஒலிக்கும் சிறு பொருள்கள். எந்திரன் அறிந்த ஆணைகளும் சிலவே. ஒரு சந்தி முன்னே செல்லும், இடப்புறம் திரும்பும், பீப்பரை எடுக்கும், வைக்கும், பணி முடிந்ததும் நின்றுவிடும். வலப்புறம் திரும்ப அதற்குத் தெரியாது! ஆசிரியர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டா. மும்முறை இடப்புறம் திரும்பினால் வலப்புறம் நோக்கி நிற்கலாம் என்பதை மாணவனே கண்டறிகிறான். அம்மூன்று ஆணைகளையும் தொகுத்து ஒரு பெயர் இடுகிறான். அதுமுதல் அப்பெயரைச் சொன்ன அளவிலே காரெல் வலப்புறம் திரும்புகிறது.

ஒரு தெருவில் ஐந்து சந்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு பீப்பர் வைக்க வேண்டும். காரெல் முதற்சந்தியில் நிற்கிறது. 'வை, முன்னே செல்' என்பதை ஐந்து முறை செய்யுமாறு ஒரு மாணவி எழுதுகிறாள். ஐந்தாம் பீப்பரை வைத்த பின்னும் காரெல் முன்னே செல்ல முயன்று சுவரில் மோதிச் செயலற்று நிற்கிறது. உண்மை எந்திரனாயின் உடைந்திருக்கும்; கல்லூரிக்குச் செலவும் மிகுந்திருக்கும். இங்கோ, அவள் ஐந்தை நான்காகத் திருத்தி உடனே மீண்டும் இயக்குகிறாள். மோதல் இல்லை, ஆனால் கடைசிச் சந்தி வெறுமையாய்க் கிடக்கிறது! சற்றே சிந்தித்து, நான்கு முறை செய்தபின் இறுதியில் 'வை' என்பதை மட்டும் தனியே சேர்க்கிறாள். ஐந்து சந்திகளுக்கு இடையே நடைகள் நான்கே என்பது அப்பொழுதுதான் அவளுக்கு விளங்குகிறது.

பின்னர் ஆசிரியர் தெருவை நீட்டி ஒன்பது சந்திகளாக்குகிறார். அவளது நிரல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இப்பொழுது அவள் எண்ணிக்கையைக் கைவிட்டு, முன்னே சுவர் இல்லாதவரை நடக்குமாறு ஆணையிடுகிறாள். தெரு எவ்வளவு நீண்டாலும் காரெல் கடைசிச் சந்திவரை சென்று பீப்பரை வைத்துவிடுகிறது.