தரங்கம்பாடி தந்த தமிழச்சு



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் அச்சின் வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அப்பொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அவர் கிறிஸ்தவப் பாதிரியார். நாங்கள் மாரியம்மன் கோயிலுக்குச் செல்பவர்கள். அவரைப் பற்றி நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?" என்று வினவினான். அவ்வகுப்பில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவரும் இருந்தனர். அவர்கள் தலை கவிழ்ந்ததைக் கண்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டமையால் அன்று முறையாக விடை கூற இயலவில்லை. அவ்விடையையே இங்கு எழுதுகின்றேன்.

நம்பிக்கையும் எழுத்தறிவும்

பதினாறாம் நூற்றாண்டில் செர்மனி நாட்டில் மார்ட்டின் லூதர் என்பவர் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். இறைவனின் வார்த்தையை ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிலேயே படித்தறிதல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவரே வேதநூலைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்து, 1534இல் முழுமையாக வெளியிட்டார்.

இக்கொள்கையின் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேதத்தைப் படிப்பதற்கு எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவு பெறப் பள்ளி வேண்டும். பள்ளிக்கு நூல்கள் வேண்டும். நூல்கள் ஏழை வீட்டையும் எட்ட வேண்டுமாயின் அச்சு வேண்டும். இவ்வாறு ஒரு சமய நம்பிக்கை, பள்ளிக்கும் அச்சகத்திற்கும் வித்தாயிற்று. அவ்வித்துகளுள் ஒன்று நம் தமிழ் மண்ணிலும் வந்து விழுந்தது.

மாணவராக அமர்ந்த ஆசான்

தமிழகத்தின் கடற்கரை ஊர்களுள் ஒன்று தரங்கம்பாடி. தஞ்சை நாயக்க மன்னரின் இசைவு பெற்று, டேனியர் 1620இல் அங்கே ஒரு கோட்டையை எழுப்பி வாணிகம் செய்து வந்தனர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 சூலை 9ஆம் நாள் இரு செர்மானிய இளைஞர்கள் அங்கு வந்திறங்கினர். அவர்களுள் ஒருவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் புளுட்சோ என்பவர்.

சீகன்பால்கு தம் சமயத்தைப் பரப்பவே வந்தார். அதனை மறைத்துக் கூறுதல் வரலாற்றுக்கு அறமன்று. ஆயினும், மக்களின் மொழியை அறியாமல் எதையும் போதித்தல் இயலாது என்பதை வந்தவுடனேயே உணர்ந்தார். முதியவரான ஒரு தமிழாசிரியரை, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்துமாறு வேண்டிக்கொண்டார். பின்னர், சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகர முதலான எழுத்துகளைப் பயின்றார். கற்பிக்க வந்தவர் கற்பவராக அமர்ந்த காட்சி எத்துணைச் சிறப்புடையது!

தமிழ் கைவந்ததும் ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் படித்து, அவை பற்றிக் குறிப்புகளும் எழுதினார். திருக்குறளும் அவற்றுள் ஒன்று. நீங்கள் இன்று ஓதுகின்ற கொன்றை வேந்தனையும் உலகநீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் 1708இல் செர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரை நாகரிகம் அற்றவர் என்று ஐரோப்பியர் பலர் கருதியிருந்த காலம் அது. அக்கருத்துப் பிழையானது என்பதை அவர் நம் நூல்கள் வாயிலாகவே உணர்ந்து, தம் நாட்டாருக்கும் எழுதி அறிவித்தார். தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் ஒரு விரிவான நூலையும் இயற்றினார். செர்மனியில் இருந்த மேலோர் அதனை அச்சிட முன்வரவில்லை. அந்நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது.

சிறையும் அச்சும்

அவருடைய பணி மலர்ப்பாதையில் நடைபெறவில்லை. கடன் வழக்கொன்றில் ஒரு தமிழ்க் கைம்பெண்ணுக்கு நீதி வேண்டிப் பரிந்து பேசியமை முதலிய காரணங்களால், கோட்டையின் தலைவர் அவர்மீது சினங்கொண்டார். 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்கு சிறைப்பட்டு, ஏறத்தாழ நான்கு திங்கள் அங்கேயே அடைபட்டிருந்தார். வெளிவந்த பின்னரும் அவர் பணியில் தளரவில்லை.

தமிழ் எழுத்து அச்சேறியது அதுவே முதன்முறை அன்று. 1578ஆம் ஆண்டிலேயே 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் கொல்லத்தில் அச்சாகியிருந்தது. ஆனால் அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. இலண்டனில் இருந்த கிறிஸ்தவக் கழகம் ஒன்று தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறியை அனுப்பியது. செர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே, பாலாடைக்கட்டி வந்த கலங்களின் ஈய மூடிகளை உருக்கி, சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தனர் என்பர். தாளின் தட்டுப்பாட்டைப் போக்க அண்டையிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி நிறைவுற்றது.

அச்சகத்துக்கு முன்னரே பள்ளிகள் தோன்றிவிட்டன. பெண் கல்வியைப் பலரும் எண்ணிப் பாராத அந்நாளில், 1707ஆம் ஆண்டிலேயே பெண் பிள்ளைகளுக்கும் அங்கு பள்ளி அமைந்தது. எனினும், நம்பிக்கை அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. சாதி வேற்றுமை ஆலயத்தினுள்ளும் புகுந்து, மக்களைத் தனித்தனியே அமரச் செய்தது. நல்லதைப் போற்றும் நாம் இக்குறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியிலேயே காலமானார்.

எல்லார்க்கும் ஆன பயன்

ஒருவர் வெட்டிய கிணற்றில் ஊரார் அனைவரும் நீர் மொள்வதுபோல, அச்சுக்கலையின் பயன் எல்லாச் சமயத்தாரையும் சென்றடைந்தது. 1812இல் திருக்குறள் அச்சேறியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இளமையில் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதநூல் மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அவரே பின்னர் அச்சுக்கூடம் நிறுவிச் சைவ நூல்களைப் பதிப்பித்து, சைவம் தழைக்கப் பாடுபட்டார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் தந்தார். சமண முனிவர் இயற்றிய காப்பியத்தைச் சைவ அறிஞர் ஒருவர் தேடிப் பதிப்பித்தார்! நல்ல நூலைக் காப்பதற்குச் சமய வேலி தடையாகவில்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பினாங்கில் 1816 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பெற்ற பினாங்கு பிரீ பள்ளியில் தமிழ் வகுப்பும் அமைந்தது. அப்பள்ளியை நிறுவியவர் ஹட்சிங்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் சமயகுரு. அதனையே தொடக்கமாகக் கொண்டு, 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டினைக் கொண்டாடினோம். அவ்விழாவில் எல்லாச் சமயத்துத் தமிழரும் மகிழ்ந்தனர் அல்லவா?

மாணவனுக்கு விடை

அன்று கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் கூறுவது இதுவே. தம்பி, ஒருவரது சமயத்தை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நீ உன் கோயிலுக்கே செல். உன் வழிபாட்டையே செய். ஆனால், உன் கையிலுள்ள பாடநூலின் பின்னே எத்தனை பேருடைய நம்பிக்கையும் உழைப்பும் நிற்கின்றன என்பதை மறவாதே. நன்றி மறவாமை எல்லாச் சமயத்துக்கும் பொதுவான அறம். அருகில் அமர்ந்திருக்கும் உன் தோழர்கள் தலை கவிழ வேண்டியதில்லை. அவர்களுடைய முன்னோரும் உன்னுடைய முன்னோரும் சேர்ந்து வளர்த்த தமிழையே நீங்கள் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கின்றீர்கள்.

வேற்று நாட்டார் ஒருவர் மணலில் விரல் வைத்துக் கற்ற எழுத்து, நமக்குத் தாய்மடியிலேயே கிடைத்திருக்கின்றது. அதனைப் பிழையின்றி எழுதவும் நாள்தோறும் ஒரு பக்கமேனும் படிக்கவும் உறுதி கொள்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க ஒற்றுமை!

சிந்தனை வினாக்கள்

1. தாய்மொழியில் வேதம் படிக்க வேண்டும் என்னும் கொள்கை, பள்ளிகள் தோன்ற எவ்வாறு காரணமாயிற்று?
2. சீகன்பால்கு தமிழ் கற்ற முறையிலிருந்து நீ அறிந்துகொள்ளும் பண்பு யாது?
3. உன் வகுப்பில் வேற்றுச் சமயத்தைச் சார்ந்த தோழர் ஒருவரிடமிருந்து நீ கற்றுக்கொண்ட நற்பழக்கம் ஒன்றனைப் பத்து வரிகளில் எழுதுக.