தவறைப் படியுங்கள், மதிப்பெண் பிறகு போடலாம்

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, வங்காளம் என்று ஆளுக்கொரு மொழி, பள்ளியில் ஆங்கிலம். மாதாமாதம் யூனிட் டெஸ்ட், அதற்கு மேல் டேர்ம் தேர்வு. பேப்பர் திருத்துவதிலேயே சனி, ஞாயிறு போய்விடுகிறது. இவ்வளவு திருத்தியும், எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டெஸ்டில் நன்றாக எழுதிய பிள்ளை, அதே கணக்கை அடுத்த மாதம் போடத் தெரியாமல் விழிக்கிறது. நிர்வாகமும் பெற்றோரும் மதிப்பெண்ணை மட்டுமே கேட்கிறார்கள். டெஸ்டுகளைக் கூட்டுவதா, குறைப்பதா? மதிப்பீட்டை எங்கிருந்து சரிசெய்வது?

– ஓர் ஆசிரியை, எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்: டெஸ்டுகளின் எண்ணிக்கையை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். பேப்பர் கையில் வந்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மாற்றினால் போதும். பிள்ளை செய்த தவறைப் படித்து, அதன்படி மறுநாள் பாடத்தை மாற்றுவதுதான் மதிப்பீடு. மதிப்பெண் போடுவது அதில் கடைசி வேலை.

உங்கள் பாடத்திலிருந்தே பார்ப்போம். தசம எண்களில் இரண்டு கேள்விகள் கொடுங்கள். முதல் கேள்வி: 0.6, 0.45, 0.123 இவற்றில் எது பெரியது? இரண்டாவது: 0.3, 0.45 இவற்றில் எது பெரியது? ஒரு பிள்ளை முதல் கேள்விக்கு 0.123 என்றும் இரண்டாவதற்கு 0.45 என்றும் எழுதும். இன்னொரு பிள்ளை முதலாவதற்கு 0.6 என்றும் இரண்டாவதற்கு 0.3 என்றும் எழுதும். இருவருக்கும் இரண்டுக்கு ஒரு மதிப்பெண். பதிவேட்டில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

ஆனால் முதல் பிள்ளை புள்ளியை மறந்துவிட்டு 123, 45, 6 என்று முழு எண்களாகப் படிக்கிறது. இலக்கம் கூடினால் எண் பெரியது என்று நினைக்கிறது. இரண்டாவது பிள்ளை நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று பிடித்துக்கொண்டது. அதனால் இலக்கம் குறைவாக இருப்பதே பெரியது என்று முடிவு கட்டுகிறது. முதல் பிள்ளை துண்டின் அளவைப் பார்க்கவில்லை. இரண்டாவது பிள்ளை எத்தனை துண்டு என்று பார்க்கவில்லை. தவறுகள் நேர் எதிர். முதல் பிள்ளைக்கு நூறு கட்டம் போட்ட தாளில் 0.6-ஐயும் 0.45-ஐயும் வண்ணம் தீட்டிக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு 0.3-ஐ 0.30 என்று எழுதி, இரண்டையும் நூறில் பங்குகளாக எண்ண வைக்க வேண்டும். இதில் இன்னொன்றும் கவனியுங்கள்: இரண்டு பேருக்குமே ஒரு விடை சரியாக வந்திருக்கிறது, தவறான காரணத்தால். டெஸ்டில் நன்றாக எழுதிவிட்டு அடுத்த மாதம் விழிக்கும் உங்கள் மாணவர்களில் பலர் இப்படிப்பட்டவர்களாக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று இரண்டு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே முப்பருவ முறையில் வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60. பெங்களூருப் பள்ளிகளில் எஃப்.ஏ., எஸ்.ஏ. என்பார்கள். பாடம் நடக்கும்போதே பார்த்துத் திருத்திக்கொள்வது வளரறி. பாடம் முடிந்தபின் எடைபோடுவது தொகுத்தறி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 29-இல், பிள்ளையின் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து, முழுமையாக மதிப்பிட வேண்டும் என்கிறது. நடைமுறையில் பல பள்ளிகளில் வளரறி என்பது இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு குட்டித் தேர்வாகச் சுருங்கிவிட்டது. நோட்டு அழகாக இருக்கிறதா, ப்ராஜெக்ட் அட்டை பளபளக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவதும் அதில் சேர்ந்துகொண்டது. பெயர் வளரறி, வேலை தொகுத்தறி. அதனால்தான் உங்களுக்கு உழைப்பு கூடியும் தகவல் கூடவில்லை.

புரிதலைப் பார்க்கும் மதிப்பீட்டுக்கு நீங்கள் பணியாற்றும் மாநிலத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 2002-இல் அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளையும் கர்நாடக அரசும் சேர்ந்து, வடகிழக்குக் கர்நாடக மாவட்டங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கற்றல் உத்தரவாதத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. பள்ளிகள் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தன. மனப்பாடத்தைச் சோதிக்காமல், அந்த வகுப்புக்குரிய திறன் பிள்ளையிடம் வந்துசேர்ந்ததா என்று பார்க்கும் கேள்விகளை வைத்தார்கள். கேள்வி மாறியதும், அதற்கேற்ப வகுப்பறையில் பாடம் எடுப்பதும் மாற வேண்டியதாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில் பள்ளிகளின் தரத்தை மதிப்பிடவென்றே கர்நாடக அரசு தனி அமைப்பை ஏற்படுத்தியது. 2010-இல் உருவான அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், சர்ஜாபூர் வளாகத்துக்குப் போகும்வரை உங்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில், பி.இ.எஸ். வளாகத்தில்தான் இயங்கியது. ஆசிரியர்களும் கல்வித் துறையினரும் படிக்கும் அந்த நிறுவனத்தின் முதல் பத்தாண்டு உங்கள் பகுதியில் கழிந்தது என்பதைச் சொல்வது, இந்த முயற்சிக்கு முன்மாதிரியை நீங்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை என்பதற்காகத்தான்.

இனி வகுப்பறைக்கு வருவோம். "புரிந்ததா?" என்று கேட்டால் முன்வரிசையில் நான்கு பேர் "புரிந்தது மிஸ்" என்பார்கள், நாம் அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குப் பொருந்தாது. ஆளுக்கொரு சிலேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாடத்தின் நடுவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எல்லோரும் எழுதி, ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்வியை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன தசமக் கேள்விகளைப் போல, தவறான விடை வந்தால் அது எந்தத் தவறு என்று காட்டிக்கொடுக்கும் கேள்வியாக இருக்கட்டும்.

வாரத்தில் இரண்டு நாள், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கால் பக்கத் துண்டுச் சீட்டில் ஒரு கணக்கு எழுதி வாங்குங்கள். மதிப்பெண் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மூன்று கட்டாகப் பிரியுங்கள்: புரிந்தவர்கள், கைப்பிழை செய்தவர்கள், அடிப்படையே பிடிபடாதவர்கள். பத்து நிமிட வேலை. மறுநாள் வகுப்பின் முதல் கால் மணி நேரம் மூன்றாவது கட்டுக்கு. அந்த நேரம் முதல் கட்டுப் பிள்ளைகளுக்குக் கடினமான ஒரு கணக்கு. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் இத்தகைய வகுப்பறை மதிப்பீட்டைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 1998-இல் வெளியிட்டார்கள். இதைச் சரியாகச் செய்தால் கற்றல் கணிசமாக உயர்கிறது, பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதிகப் பயன் என்பது அவர்கள் கண்ட முடிவு.

மொழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாக்கியக் கணக்கில் ஒரு பிள்ளை தவறினால், தவறியது கணக்கிலா ஆங்கிலத்திலா என்று பாருங்கள். அதே கணக்கை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், அல்லது எண்களை மட்டும் கொடுங்கள். உடனே சரியாகப் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்து கணக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதில் பயனில்லை. அதற்குத் தேவை ஒரு சொல்லின் பொருள். தமிழ்ப் பிள்ளையைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வங்காளிப் பிள்ளையின் மொழி நமக்குத் தெரியாது என்றால் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பல மொழிப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பில், இதைச் செய்யாவிட்டால் கணக்குத் தேர்வு என்ற பெயரில் நாம் ஆங்கிலத் தேர்வு நடத்திக்கொண்டிருப்போம்.

திருத்தும் முறையிலும் மாற்றம் வேண்டும். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1913-இல் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஒருவர் 30-க்கும் குறைவாகப் போட்டார். இன்னொருவர் 90-க்கும் மேல் போட்டார். கணக்கிலேயே இப்படி. ஆகவே திருத்த உட்காரும் முன் விடைக்குறிப்பையும், எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதிவிடுங்கள். அதே வகுப்புக்கு எடுக்கும் இன்னோர் ஆசிரியரும் நீங்களும் ஐந்து பேப்பர்களைத் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பேப்பரை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாப் பேப்பரிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாவற்றிலும் இரண்டாவது கேள்வி என்று போங்கள். முதல் விடையில் பிடித்துப்போன பிள்ளைக்கு அடுத்த விடையிலும் தாராளமாகப் போடும் பழக்கம் இதனால் குறையும். எந்தக் கேள்வியில் வகுப்பே விழுந்திருக்கிறது என்பதும் கண்ணில் படும். பாதி வகுப்பு ஒரே இடத்தில் தவறினால், திரும்பச் சொல்லித்தர வேண்டியது நம் பொறுப்பு.

பேப்பரைத் திருப்பிக் கொடுக்கும் நாள்தான் மிக முக்கியம். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும் கொடுக்கப்பட்டது, சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும். முன்னேறியவர்கள் குறிப்புரை மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் பேப்பரை எட்டிப் பார்க்கிறது. நாம் எழுதியதைப் படிப்பதில்லை. அதனால் முதல் நாள் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுங்கள். "நன்று", "கவனம் தேவை" என்பவை குறிப்புகள் அல்ல. "மூன்றாவது படியில் பகுதிகளைச் சமப்படுத்தாமல் கூட்டிவிட்டாய், அதை மட்டும் திரும்பப் போடு" என்பது குறிப்பு. வகுப்பிலேயே இருபது நிமிடம் கொடுத்துத் திருத்த வையுங்கள். மதிப்பெண்ணை மறுநாள் சொல்லலாம். நாற்பது பேருக்கும் எழுத நேரமில்லை என்றால், அதிகம் வரும் தவறுகளுக்கு எண் கொடுத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பேப்பரில் அந்த எண்ணை மட்டும் போடுங்கள்.

நிர்வாகத்தையும் பெற்றோரையும் எப்படிச் சமாளிப்பது? மதிப்பெண்ணை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு ஒரு வாக்கியம் சேருங்கள். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் "14/20" என்பதோடு, "பின்னங்களைக் கூட்டுவது வந்துவிட்டது, வகுப்பதில் தடுமாற்றம், இந்த மாதம் அதைப் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். எந்தப் பெற்றோரும் இதை வேண்டாம் என்று சொல்லமாட்டார். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் ஆசிரியரின் பார்வையோடு பிள்ளையின் சுய மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் சேர்ந்த முன்னேற்ற அட்டையைத்தான் கேட்கிறது. அதை உங்கள் முதல்வரிடம் எடுத்துச் சொல்லலாம்.

கர்நாடகத்தில் 5, 8, 9, 11 வகுப்புகளுக்கான பொதுத் தேர்வு வழக்கையும் நினைத்துப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி ரத்து செய்ய, டிவிஷன் பெஞ்ச் அனுமதிக்க, 2024 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வுகளின் முடிவுகளை நிறுத்திவைத்தது. எழுதிய பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை ஆண்டிறுதித் தேர்வு மட்டுமே சொல்லும் என்று விட்டுவிட்டால், அந்தத் தேர்வு நின்றால் எல்லாமே நின்றுபோகும். தினமும் தன் வகுப்பைப் படித்துவரும் ஆசிரியருக்கு எந்த உத்தரவும் தடையில்லை.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவு, ஒரு பாடம், வாரம் இரண்டு துண்டுச் சீட்டு. இந்த டேர்ம் முடிய இது போதும். டேர்ம் முடிவில் ஏதாவது ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால், அந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை, அடுத்து என்ன சொல்லித்தர வேண்டும் என்று பேப்பரைப் புரட்டாமல் உங்களால் சொல்ல முடிய வேண்டும். முடிந்தால் உங்கள் மதிப்பீடு சரியான வழியில் போகிறது. அதன்பின் பக்கத்துப் பிரிவு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலை ஒரு வகுப்போடு நிற்கக் கூடாது.