மலையேற்றமும் கயிற்றுத்துணையும்

அட்டன் புகைவண்டி நிலையத்திலிறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, அங்கிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் அடியார்க்கு இக்காலத்தில் உச்சிவரைக்கும் படிகள் உண்டு. 2,243 மீற்றர் உயர்ந்த அம்மலையின் செங்குத்தான பாறைமுகத்திலே முன்னாளில் இருப்புச் சங்கிலிகளைப் பற்றியே ஏறினர். 1344 ஆம் ஆண்டளவில் அங்கேறிய மொறொக்கோ தேயத்து யாத்திரிகர் இபின் பதூதா அச்சங்கிலிகள் பத்தென எழுதினார். பத்தாவதனை அடைந்து கீழே நோக்குவோர் வீழ்ச்சிக்கு அஞ்சித் தஞ்சமய மூலமொழியை ஓதுவராதலின், அச்சங்கிலி அம்மொழியாற் பெயர்பெற்றதென்றுங் கூறினார்.

அவர் தனித்துச் சென்றாரல்லர். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி, ஆண்டுதோறும் பாததரிசனஞ் செய்யும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், வேறு பதின்மரையும், சுமைகாரர் பதினைவரையும் உடனனுப்பினான். முத்துக்களும் கொடுத்தான், ஆயினும் வழியறிந்த அந்நால்வரே பெருங்கொடையென்பது எம் கருத்து.

மலையில் ஒருவனது உயிர் மற்றொருவன் கையில் நிற்பதனைத் தேனெடுப்போர் நன்குணர்வர். இலங்கை வேடர் கொடியேணியால் மலைமுகட்டினின்றும் இறங்கித் தேனெடுத்தமையைச் செலிக்மன் என்பார் 1911 இல் எழுதினார். நீலகிரிக் குறும்பருள் ஏணியை மேலிருந்து காப்பவன் மனைவியின் உடன்பிறந்தான். ஏன் தம்பியல்லன், மைத்துனன் எனின், தன் உடன்பிறந்தாள் கைம்மையெய்த அவன் ஒருப்படான் என்க. இதனினும் நுட்பமான காப்புறுதி வேறு யாதுளது?

அம்மைத்துனன் கடனையே இக்காலத்துப் பாறையேறும் இருவருட் கீழே நிற்பவன் செய்கின்றான். முன்னேறுவோன் கயிற்றை இடையிற் பூண்டு, பாறைவெடிப்புக்களில் இருப்புக் கருவிகளைச் செருகி, அவற்றினூடே கயிற்றைக் கோத்துச் செல்வான். கீழ்நிற்பவன் அதனை ஓர் உராய்வுக் கருவியின் வழியே சிறிது சிறிதாக விடுவான். இறுதியாகச் செருகிய கருவிக்குமேல் ஐந்துமுழம் ஏறியவன் வழுவின், பத்துமுழத்தோடு கயிற்றின் தளர்வும் நீட்சியுஞ் சேர்ந்த தொலைவு வீழ்வான். ஆகலின் வேண்டாத் தளர்வு விடுதல் பெருங்குற்றம். கயிறு தாங்குமென்பர் பலர். பிடிப்பவனின்றி எக்கயிறுந் தாங்காது. 1939–45 உலகப்போரின் பின் சணற்கயிற்றின் இடத்தைப் பெற்ற நைலோன் கயிறு நீண்டுகொடுத்து அதிர்ச்சியைத் தணிக்கும், அவ்வளவே.

ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் கையாற்றொட்டுப் பார்த்தல் வேண்டும். எத்துணைப் பழகியவராயினும் இதனை விடலாகாது. பழகியவரே இதனை மறப்பவர்.

காலமும் நோக்கத்தக்கது. தென்மேற்குப் பருவமழை இம்மலைச்சரிவிற் பெரிதும் பொழிதலானே, யாத்திரைக்காலம் மார்கழிப் பௌர்ணமியிற் றொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு முடிகின்றது. ஈரமுற்றுப் பாசிபடர்ந்த பாறையிற் காலூன்றல் அரிது. வறண்ட மாதங்களிலும் பிற்பகலில் மேகந் திரளுமாதலின், விடியுமுன் புறப்பட்டு நண்பகற்குள் மீளுதல் நன்று. இருவருள் ஒருவர் மீள்வோமென்றால் மற்றவர் காரணம் வினவுவது நிலத்தை அடைந்த பின்னரே.

கயிற்றுவழியிறங்குங்கால் அதன் இரு நுனியினும் முடிச்சிடுக. கயிறு முடிந்ததறியாது நுனியினின்றும் நழுவி வீழ்ந்தோர் பலர்.