யார் உண்மையான கால்பந்து மேதை?



கால்பந்து பார்க்கிற எல்லாரும் 'மேதை' என்ற சொல்லை ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருத்தர் நல்ல கோல் ஒன்று போட்டால் "மேதைடா!" என்கிறோம். அடுத்த ஆட்டத்தில் கோட்டை விட்டால் அந்தப் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம். ஆனால் சில பேருக்கு மட்டும் அந்தப் பட்டம் ஐம்பது வருஷம் ஆனாலும் போவதில்லை. அவர்களிடம் அப்படி என்ன இருந்தது? ரசிகர்கள் எதை வைத்துச் சொல்றாங்க? கணக்கில் விடையைப் போட்டுச் சரிபார்ப்பது மாதிரி, ஒவ்வொரு பதிலாக எடுத்துச் சோதித்துப் பார்ப்போம்.

முதல் பதில்: நிறைய கோல் போடுகிறவர்தான் மேதை

இதைத்தான் முதலில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கால்பந்து ரசிகர்கள் இன்றும் பேசுகிற ஒரு காட்சியில் கோலே விழவில்லை!

1970 உலகக் கோப்பை மெக்சிகோவில் நடந்தது. அரையிறுதியில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. பிரேசிலின் பெலேவுக்கு ஒரு பாஸ் வந்தது. எதிரே உருகுவே கோல் கீப்பர் மசுர்கியேவிச் ஓடி வருகிறார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பந்தை உதைப்போம், இல்லாவிட்டால் கீப்பரைத் தாண்டித் தட்டிக்கொண்டு போவோம். பெலே இரண்டையும் செய்யவில்லை. பந்தைத் தொடவே இல்லை! பந்து கீப்பருக்கு ஒரு பக்கமாக உருண்டு போக விட்டுவிட்டு, தான் மறுபக்கமாக ஓடினார். கீப்பர் திகைத்துப் போனார். பெலே சுற்றிக்கொண்டு போய்ப் பந்தைப் பிடித்து உதைத்தார். அது கம்பத்தை ஒட்டி வெளியே போய்விட்டது.

கோல் கணக்கில் இதற்குப் பூஜ்யம். ஆனாலும் பெலேயின் பெரிய ஆட்டங்களைச் சொல்லும்போது இதையும் சொல்றாங்க. ஆகவே கோல் எண்ணிக்கை மட்டும் விடை இல்லை.

இரண்டாம் பதில்: உடம்பு வாகுதான் காரணம்

உயரமும் பலமும் வேகமும் இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கரிஞ்சா என்று ஒரு பிரேசில் வீரர் இருந்தார். அவருக்குக் கால்கள் பிறவியிலேயே வளைந்திருந்தன. ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. அவர் நின்றால் யாரும் விளையாட்டு வீரர் என்று நம்ப மாட்டார்கள். 1962 உலகக் கோப்பையில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டு வெளியேறினார். அதன்பின் பிரேசில் அணியைத் தூக்கி நிறுத்தியவர் கரிஞ்சா. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக 2 கோல். பிரேசில் கோப்பையை வென்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் பெரும்பாலும் ஒரே வித்தையைத்தான் செய்வார். இடப்பக்கம் போவது போல உடம்பைச் சாய்த்துவிட்டு வலப்பக்கம் பாய்வார். எதிராளிக்கும் அது தெரியும். ஆனால் எந்த நொடியில் பாய்வார் என்றுதான் தெரியாது!

அர்ஜென்டினாவின் மரடோனா 165 சென்டிமீட்டர் உயரம்தான். மெஸ்ஸிக்குச் சின்ன வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைவு. தினமும் ஊசி போட வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டு, 13 வயதில், அவர் பார்சிலோனாவுக்குப் போனபோது அவரை எடுத்துக்கொள்வதாக முதலில் எழுதிக் கொடுத்தது ஒரு கை துடைக்கும் காகிதத்தில்! ஆகவே உடம்பும் விடை இல்லை.

மூன்றாம் பதில்: கோப்பை வென்றவர்தான் மேதை

நெதர்லாந்தின் யோஹான் கிரைஃப் உலகக் கோப்பையை வென்றதே இல்லை. 1974 இறுதி ஆட்டத்தில் அவருடைய அணி மேற்கு ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றது. ஆனால் அதே போட்டியில் ஸ்வீடனோடு நடந்த ஆட்டத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் பழகுகிறார்கள்.

ஸ்வீடன் வீரர் யான் ஒல்சன் அவரை ஒட்டி நிற்கிறார். கிரைஃப் பந்தைத் தூக்கிப் பாஸ் கொடுக்கப் போவது போலக் காலை ஓங்கினார். ஒல்சன் அதைத் தடுக்கச் சாய்ந்தார். கிரைஃப் உதைக்காமல் பாதத்தின் உட்புறத்தால் பந்தைத் தன் மற்றொரு காலுக்குப் பின்னால் இழுத்து, அப்படியே திரும்பி ஓடிவிட்டார். ஒல்சன் வேறு திசையைப் பார்த்தபடி நின்றார். இதற்குப் பேரே 'கிரைஃப் திருப்பம்'. அந்த ஆட்டம் 0-0. கோலும் இல்லை, வெற்றியும் இல்லை. ஆனால் அந்தத் திருப்பம் மட்டும் நின்றுவிட்டது.

நான்காம் பதில்: ஒரே ஒரு அதிசயம் செய்தால் போதும்

1976 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். செக்கோஸ்லோவாக்கியாவும் மேற்கு ஜெர்மனியும் 2-2. பெனால்டியில்தான் முடிவு. கடைசியில் அந்தோனின் பனென்கா வந்தார். எல்லாரும் ஓங்கி ஓரமாக அடிப்பார்கள். இவர் வேகமாக ஓடி வந்து, பந்தை மெதுவாக நடுவில் தூக்கிவிட்டார்! கோல் கீப்பர் ஸெப் மையர் ஏற்கனவே ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார். கோப்பை செக்கோஸ்லோவாக்கியாவுக்கு.

இதைப் பனென்கா திடீரென்று செய்யவில்லை. தன் கிளப் கோல் கீப்பரோடு சாக்லேட் பந்தயம் கட்டி முன்பே பழகியிருந்தார். எனவே மேதைத்தனம் என்றாலும் அதற்குப் பின்னால் பயிற்சி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ரசிகர்கள் அந்த உதைக்குத்தான் அவர் பெயரை வைத்தார்கள். பெலே, மரடோனா வரிசையில் அவரைச் சேர்ப்பதில்லை. ஏன்? ஒரு கேள்விக்கு ஒரு புது விடை சொல்வது பெரிய விஷயம்தான். ஆனால் மேதை என்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் வருகிற புதுக் கேள்விக்குப் புது விடை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியானால் எதுதான் விடை?

இந்த நாலு பதிலையும் சோதித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். மற்றவர்களுக்குத் தெரியாத இடமும் நேரமும் மேதைக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது. அதை அவர் தன் அணிக்குக் கொடுக்கிறார்.

1970 இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராகப் பிரேசிலின் நான்காவது கோலைப் பாருங்கள். பெலேவிடம் பந்து இருக்கிறது, கோலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். அவசரப்படவில்லை. வலப்பக்கம் ஆளே இல்லாத இடத்துக்குப் பந்தை மெதுவாக உருட்டுகிறார். யாருக்கு உருட்டுகிறார் என்று நாம் யோசிப்பதற்குள் கேப்டன் கார்லோஸ் அல்பெர்த்தோ ஓடி வந்து ஒரே உதை! பிரேசில் 4-1.

1986 இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி மரடோனாவை நெருக்கிக்கொண்டே இருந்தது. 2-2 ஆகிவிட்டது, சில நிமிடங்கள்தான் பாக்கி. நடு மைதானத்தில் எதிராளிகள் நெருங்கி நிற்க, மரடோனா பந்தை நிறுத்தாமல் ஒரே தட்டில் பூருசாகாவுக்கு முன்னால் அனுப்பினார். அவர் ஓடிப்போய்க் கோல் போட்டார். 3-2, கோப்பை அர்ஜென்டினாவுக்கு. இங்கிலாந்துக்கு எதிராக அவர் பாதி மைதானம் தாண்டி ஓடிப் போட்ட கோலை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பாஸ்தான் பெரிசாகத் தெரிகிறது. தன்னை நெருக்க எதிராளிகள் கூடினால் தன் தோழனுக்கு இடம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

(அதே இங்கிலாந்து ஆட்டத்தில் அவர் கையால் தட்டிப் போட்ட கோலையும் சிலர் மேதைத்தனம் என்பார்கள். நடுவர் கண்ணில் படாமல் செய்தது சாமர்த்தியம் என்று வேண்டுமானால் சொல்லலாம். என் கணக்கில் அது மேதைத்தனத்தில் சேராது.)

முன்னாடியே தெரிவது என்றால் மந்திரமா? இல்லை. நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் என்பவர் வீரர்களின் தலையைப் படம் பிடித்துப் பார்த்தார். பந்து தன்னிடம் வருவதற்கு முன் அடிக்கடி தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பவர்கள், பாஸை அதிகமாகச் சரியாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார். ஸ்பெயினின் சாவி இதற்குப் பேர்போனவர். பந்து வருவதற்குள் இந்தத் தோள், அந்தத் தோள் என்று மாறி மாறிப் பார்ப்பார். மெஸ்ஸி ஆட்டத்தில் பாதி நேரம் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்து "சோம்பேறி" என்றவர்கள் உண்டு. அவர் நடக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார் என்பது கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரசிகர்கள் பார்க்காத பக்கம்

இதுவரை நான் எழுதிய பெயர்களை எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஆண்கள். ரசிகர்கள் சொல்கிற வரிசை அப்படித்தான் இருக்கிறது. பெண்களில் மேதையே இல்லையா?

பிரேசிலில் டோயிஸ் ரியாச்சோஸ் என்ற சின்ன ஊரில் 1986-இல் மார்த்தா பிறந்தார். பையன்களோடுதான் விளையாடிப் பழகினார். 14 வயதில், அதாவது இப்போது என் வயதில், பேருந்து ஏறி ரியோ டி ஜெனிரோவுக்குப் பந்து விளையாடப் போனார். உலகின் சிறந்த வீராங்கனை விருதை 6 முறை வாங்கினார். 2019-இல் உலகக் கோப்பையில் தன் 17-வது கோலைப் போட்டார். அதுவரை ஆண்கள் உலகக் கோப்பையில் அதிகபட்சம் ஜெர்மனியின் க்ளோசே போட்ட 16.

எண்ணிக்கை விடை இல்லை என்று நானே சொன்னேன். ஆகவே அவர் ஆட்டத்தையே பார்ப்போம். 2007 உலகக் கோப்பை அரையிறுதி, சீனாவில், அமெரிக்காவுக்கு எதிராக. மார்த்தா கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பின்னால் ஒரு டிஃபெண்டர். மார்த்தா பந்தைக் குதிகாலால் ஒரு பக்கம் தட்டிவிட்டு, தான் மறுபக்கமாகச் சுற்றி ஓடினார். பந்தைப் பிடித்து, இன்னொருவரையும் ஏமாற்றிக் கோல் அடித்தார். பிரேசில் 4-0.

பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்! பெலே 1970-இல் செய்ததும் இதே யோசனைதான். பெலேவுக்குக் கோல் தவறியது, மார்த்தாவுக்கு விழுந்தது. தவறிய அந்தக் காட்சி எத்தனை பேருக்குத் தெரியும்? விழுந்த இந்தக் கோல் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு செய்தியும் உண்டு. அதே பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடச் சட்டப்படி தடை இருந்தது. பெலேயும் கரிஞ்சாவும் உலகக் கோப்பை வென்றதெல்லாம் அந்த வருஷங்களில்தான். அந்த 38 வருஷத்தில் எத்தனை சிறுமிகளுக்கு அந்தக் கண் இருந்திருக்கும்! அவர்களுக்கு மைதானம் இல்லை, பந்து இல்லை, பார்க்க ரசிகரும் இல்லை. மேதை பிறந்தால் மட்டும் போதாது. விளையாட விட வேண்டும், பார்க்கவும் வேண்டும்.

நம்ம பி.டி. பீரியடிலும் கால்பந்து பையன்கள் பக்கம் போய்விடுகிறது. எங்கள் கைக்கு வளையப்பந்து வருகிறது. வளையப்பந்து நல்ல விளையாட்டுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது கால்பந்து எங்கள் பக்கமும் உருண்டு வரட்டும். அண்ணன்களே, தம்பிகளே, வேண்டுமானால் எங்களையும் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்!

செய்து பார்ப்போம்

அடுத்த முறை டி.வி.யிலோ நம்ம மைதானத்திலோ ஆட்டம் பார்க்கும்போது, பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதீங்க. ஒரே ஒரு ஆளை மட்டும் பாருங்க. பந்து வரும் முன் எத்தனை தடவை தலையைத் திருப்புகிறார் என்று கோடு போட்டு எண்ணுங்க. பிறகு இன்னொருவருக்கும் அதே மாதிரி எண்ணி ஒப்பிடுங்க. யார் கொடுத்த பாஸ் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்க. பையன், பெண் இருவரையும் எண்ணிப் பாருங்க.

உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதி ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தால், அடுத்த இதழில் அட்டவணையாகப் போடுகிறோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி