பழைய காருக்கு சஸ்பென்ஷன் பாகங்கள்: குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

சஸ்பென்ஷன் வேலையில் பணம் வீணாவதற்குப் பாகங்களின் விலை மட்டும் காரணமல்ல. கெடாத பாகத்தைக் கழற்றிப் போடுவதும், கெட்டதை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி பிரிப்பதுமே பெரிய செலவு. பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வந்தால் ‘ஷாக்கப்சர் போயிடுச்சு’ என்று சொல்லிவிடுவது சுலபம். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய காரில் அந்தச் சத்தம் ஒரு சின்ன ரப்பர் புஷ்ஷிலிருந்தும் வரலாம்.

எடுத்துக்காட்டாக, 2000-இல் விற்பனைக்கு வந்து 2012-இல் ஆல்டோ 800-க்கு இடம்விட்ட பழைய மாருதி ஆல்டோவைக் கொள்ளலாம். இதன் முன்புறம் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் ஒரே தொகுதி. மேலே ஸ்ட்ரட் மவுண்ட், உள்ளே பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை. கீழே லோயர் ஆர்ம்; அதன் உள்முனையில் ரப்பர் புஷ், வெளிமுனையில் பால் ஜாயிண்ட். பின்புறம் முழு அச்சு. அங்கே ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு. இதனால் பின் ஷாக்கை மட்டும் மாற்றும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, கூலியும் குறையும். இந்தக் கட்டுரையில் வரும் முறை பெரும்பாலான சிறிய கார்களுக்கும் பொருந்தும்.

கார் இன்னும் எத்தனை ஆண்டு ஓட வேண்டும்?

கடைக்குப் போவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பதிவைப் புதுப்பித்து ஐந்தாண்டு ஓட்டப்போகிற காருக்கு நல்ல ஸ்ட்ரட் வாங்குவது கணக்குக்குச் சரி. அடுத்த ஆண்டே விற்கப்போகிற காருக்கு அந்தச் செலவைப் பாதியாக்கலாம். ஆனால் பால் ஜாயிண்டும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவை. அவை கழன்றால் சக்கரம் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். நாளை விற்கப்போகிற காராக இருந்தாலும் அவற்றில் சிக்கனம் கூடாது.

எது கெட்டது என்று கண்டுபிடித்தல்

முதலில் டயரைப் பார்க்க வேண்டும். டயரின் மேல்பரப்பில் விட்டு விட்டுத் திட்டுத் திட்டாகத் தேய்மானம் இருந்தால் ஷாக் தளர்ந்திருக்கக்கூடும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் கோளாறு அல்லது லோயர் ஆர்ம் புஷ் சந்தேகத்துக்குரியது. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

அடுத்து, காரின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விட வேண்டும். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் பரவாயில்லை. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் முடிந்துவிட்டது. இந்தச் சோதனையை முழுதாக நம்பவும் கூடாது, பாதி தளர்ந்த ஷாக் இதில் தேறிவிடும். ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பே. எண்ணெய் வழிந்து, அதில் தூசி ஒட்டிச் சேறாகப் படிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

பிறகு ஜாக்கி. தரை சமமாக இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். தூக்கிய பிறகு வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைக்காமல் அடியில் கை விடக் கூடாது. தொங்கும் முன் சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இந்த ஒரு நிமிட வேலை, தவறான பாகத்தை வாங்குவதிலிருந்து காப்பாற்றும். இனி 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரியும் தளர்ச்சி பெரும்பாலும் டை ராடு எண்டில் இருக்கும். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்ச் சீக்கிரம் கெட்டுவிடும்.

சத்தங்களுக்கும் ஓரளவு அடையாளம் உண்டு. சிறு மேடு பள்ளங்களில் ‘கட் கட்’ என்றால் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு. ஆழமான பள்ளத்தில் ‘டம்’ என்று அடித்தால் ஷாக்கோ பம்ப் ஸ்டாப்பரோ போயிருக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் தெறிப்பது போலச் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். முழுதாக ஒடித்துத் திரும்பி ஓடும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டால் அது சஸ்பென்ஷனே அல்ல, ஆக்ஸில் ஜாயிண்ட். இதற்காக ஷாக்கை மாற்றியவர்கள் ஏராளம்.

ஸ்பிரிங்கைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து, இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் சமமாக இருந்து, சுருளில் விரிசலோ ஆழமான துருவோ இல்லாவிட்டால் பழைய ஸ்பிரிங்கே போதும். கடலோர ஊர்களில் ஓடிய காரில் சுருளின் அடிப்பகுதியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

எதை முதலில் மாற்றுவது?

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாதபோது வரிசை இதுதான்: ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும் முதலில், எண்ணெய் கசியும் முன் ஷாக்குகள் அடுத்து, பிறகு லோயர் ஆர்ம் புஷ்கள், பின்புற ஷாக்குகள், கடைசியாக ஸ்பிரிங். ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் திடீர் பிரேக்கில் கார் ஒருபுறம் இழுக்கும். பால் ஜாயிண்டுக்கும் புஷ்ஷுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றலாம்.

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது மவுண்ட், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை மூன்றையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். அவற்றின் விலை ஸ்ட்ரட்டோடு ஒப்பிட்டால் சிறியது. பிறகு தனியாக மாற்றினால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும். தூசி உறை இல்லாத ஷாக்கில் மண் ராடில் ஒட்டிச் சீலை அறுத்துவிடும். இதை மிச்சம் பிடித்தால் புது ஷாக்கின் ஆயுள்தான் குறையும்.

லோயர் ஆர்மில் ஒரு கணக்கு இருக்கிறது. புஷ் மட்டும் தேய்ந்து பால் ஜாயிண்ட் நன்றாக இருந்தால், பிரஸ் வைத்திருக்கும் பட்டறையில் புது புஷ் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டும் தேய்ந்திருந்தால் முழு ஆர்ம் வாங்குவதே மலிவு. சில கார்களில் பால் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்காது, ஆர்மோடு சேர்ந்தே வரும்.

எந்தத் தரம் வாங்குவது?

கார் நிறுவனங்கள் ஷாக்கையும் ஜாயிண்டையும் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. கேப்ரியல், முஞ்சால் ஷோவா போன்றவை ஷாக் அப்சார்பர் செய்பவை. சென்னையின் ரானே மெட்ராஸ் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளைச் செய்கிறது. இப்படிப்பட்ட தயாரிப்பாளர்கள் வெளிச்சந்தைக்கும் தங்கள் சொந்தப் பெயரில் பெட்டி போட்டு விற்கிறார்கள். பட்ஜெட்டுக்குப் பொருத்தமானது பெரும்பாலும் இதுதான்: கார் நிறுவனப் பெட்டியைவிட விலை குறையலாம், தரம் கைவிடாது. பெயர் கேள்விப்படாத ‘லோக்கல்’ பெட்டியை பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை போன்றவற்றுக்கு வேண்டுமானால் ஏற்கலாம். ஷாக்குக்கும் ஜாயிண்டுக்கும் ஏற்கவே கூடாது.

கடையில் ‘ஆல்டோவுக்கு’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. ஒரே பெயரில் ஆண்டும் மாடலும் மாற மாறப் பாகமும் மாறியிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணை வைத்து டீலரின் உதிரி பாகக் கவுண்டரில் பார்ட் நம்பரைக் கேட்டுக்கொண்டு, அதை வைத்து வெளிக்கடைகளில் விலை விசாரிக்கலாம். சென்னையில் ஜி.பி. ரோடு போல, பெரிய ஊர்களில் உதிரி பாகக் கடைகள் ஒரே தெருவில் இருப்பதால் நாலு கடை ஏறி இறங்குவது கஷ்டமில்லை. முடிந்தால் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போய் அருகில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

போலியைப் பிடிக்கப் பெட்டியே உதவும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி. எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ரப்பர் பாகத்தில் தயாரித்த தேதியை அவசியம் பார்க்க வேண்டும். பல ஆண்டு அலமாரியில் கிடந்த புஷ் பெயருக்குத்தான் புதிது. எம்.ஆர்.பி.யில் வரி அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு வரி 18 சதவீதம். பில்லில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கேட்க வேண்டும். பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது.

பழைய பாகச் சந்தையைப் பற்றிப் பொதுவாகப் பயம் உண்டு. பாதி நியாயம், பாதி வீண். சென்னை புதுப்பேட்டையில் பிரித்து விற்கும் கார்களிலிருந்து வளையாத நக்கிள், பின் அச்சு, குறுக்குச் சட்டம், விரிசலில்லாத ஸ்பிரிங் வாங்குவதில் தவறில்லை. கனத்த இரும்புப் பாகங்கள் சுலபத்தில் தேய்வதில்லை. பழைய ஷாக், பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், எந்த ரப்பரும் வாங்கக் கூடாது. ஷாக்கை அறுத்து எண்ணெய் ஊற்றி வெல்டிங் வைத்துத் தரும் ‘ரீகண்டிஷன்’ வேலையும் இந்தக் கணக்கிலேயே சேரும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் கூட்டுவதாகச் சொல்லி ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபர்களை ஒதுக்கிவிடலாம். சுருளின் ஒரு பகுதி வேலை செய்யாமல் போவதால் மீதிப் பகுதிக்குச் சுமை கூடும், சவாரி கட்டையாகும். பாலியூரிதேன் புஷ்கள் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சாலையின் அதிர்வையெல்லாம் உள்ளே கடத்தும். குடும்பக் காருக்கு ரப்பரே சரி.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்க நல்ல ஸ்பிரிங் கம்ப்ரெஸர் வேண்டும். கயிறும் கம்பியும் கட்டிச் செய்யும் வேலை ஆளைக் கொல்லும். இதைப் பட்டறையில் விட்டுவிடுவதே சிக்கனம். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கினால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும். கேஸ் ஷாக் கட்டை அவிழ்த்தால் தானாக நீளும், ஆயில் ஷாக் நீளாது, இரண்டும் பழுதல்ல. ராடைப் பிளையரால் பிடித்துத் திருகக் கூடாது, ஒரு கீறல் போதும், சீல் கசியத் தொடங்கும். லாக் நட்டும் காட்டர் பின்னும் புதிதாகவே போட வேண்டும்.

பல பட்டறைகளில் தவறும் இடம் ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே முழுதாக முடுக்கிவிடுவார்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். நல்ல புஷ்கூடச் சில மாதத்தில் கிழியும். போல்ட்டைத் தளர்வாக வைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதியாக முடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இதைச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

டை ராடு எண்டைக் கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொண்டு அதே அளவில் பொருத்தினால், அலைன்மெண்ட் கடை வரை கார் நேராகப் போகும். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். அந்தச் செலவையும் முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பழைய பாகங்களைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எது உண்மையில் தேய்ந்திருந்தது என்பது அவற்றைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.