தூண்களை விற்க வேண்டாம்



வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பாட்டனார் வீடு பழவேற்காட்டில் பூட்டிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுக்கும் நல்ல விலை வந்திருக்கிறது, பங்காளிகளும் சம்மதித்துவிட்டார்கள் என்கிறீர்கள். விற்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

உங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று அகழியும் புதர் மண்டிய மேடுமாகக் கிடக்கிறது. வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏரியில் படகேறிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் டச்சுக்காரர்களை அங்கே இழுத்தது துணி. அதைத் தறிகளிலிருந்து திரட்டிக் கொடுத்தவர்கள் நம் வணிகர்கள். 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சுதப்பச் செட்டியும் அவர் தம்பி சின்னண்ணச் செட்டியும் சொந்தக் கப்பல் ஓட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். மரக்காயர்களின் கடல் வணிகமும் சேர்ந்துதான் அந்த ஊர் செழித்தது. அதே துறையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். அதையும் மறைக்கக் கூடாது. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய கைலி மலேசியாவில் இன்றும் விற்கிறது. ஆனால் அந்த ஊரில் வாழ்ந்தவர்களின் வீடுகளுக்கு மட்டும் காவல் இல்லை. அவை பாகப்பிரிவினையில் சிதறி, கதவு கதவாக வெளியேறுகின்றன. செட்டிநாட்டு வீடுகளுக்கும் இதுதான் நடந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் எத்தனை வீடுகளின் தூண்கள் விலைக்கு நிற்கின்றன என்று பார்க்கலாம்.

சுவர் உதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் யாராவது சிமென்ட் பூசினார்களா என்று பாருங்கள். அந்தக் கரையில் சுவர் எழுப்பியது கிளிஞ்சல் சுண்ணாம்பில். அது ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் போக வழியில்லை. உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கிவிடும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், கூலியும் அதிகம்தான். ஆனாலும் ஓர் அறையாகத் தொடங்கலாம். தூண்களை மட்டும் உருவினால் உத்தரம் தொங்கும், உத்தரத்தின் மேல் செங்கல் நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் அடுத்த பெருமழையைத் தாங்காது.

பங்காளிகளுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும். இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். உங்கள் வீடு கல்லறைத் தோட்டத்துக்கு அருகில் இருந்தால், தூண்களை விற்று வீட்டை இடித்த பிறகு வெறும் மனைதான் கையில் மிஞ்சும். முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்.

பங்காளிகளிடம் ஒரு வருடம் தவணை கேளுங்கள். அதற்குள் வீட்டை அளந்து வரைபடம் எடுத்து, ஒவ்வொரு அறையையும் படம் பிடித்து வையுங்கள். பழைய பத்திரங்களையும் கணக்கேடுகளையும் கரையான் தொடாத இடத்துக்கு மாற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடித் தளத்தில் ஏறி, அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள்.